தடுத்த கை

ஜனவரி 1, புதன்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. போன வருடத்து டைரியை ஆல்வின் கிரிக்கெட் ஸ்கோர் எழுதியே தீர்த்துவிட்டான். இதைப் பீரோவில் வைத்துப் பூட்டப்போகிறேன். இந்த வீட்டில் எனக்கென்று பூட்டி வைக்க ஒன்றாவது இருக்கட்டும்.

காலை ஏழு மணிக்கு டியூட்டி ஏறினேன். வருடம் பிறந்து ஏழு மணி நேரத்துக்குள் பதினோரு பேருக்குத் தையல் போட்டிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் எனக்கு. பீர் பாட்டிலை உடைத்து மச்சானே கழுத்தில் சொருகியிருக்கிறான். நான் இரண்டு கையாலும் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சரோடு ஆபரேஷன் தியேட்டர் வரை ஓடினேன். என் செருப்பு வரை ரத்தம். பிழைத்துக்கொண்டான். குத்தியவன் வெளியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஹேப்பி நியூ இயர் சிஸ்டர்" என்றான். பதினாறு வருடமாக அவசரப் பிரிவில் இருக்கிறேன், இப்படி ஒரு வாழ்த்து கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் ஹாலில் கால் வைக்க இடமில்லை. இவர் மறுபடியும் பழைய புத்தகம் வாங்கி வந்திருக்கிறார். இரண்டு சாக்கு.

ஜனவரி 5, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பிள்ளைகளுக்கு வாரக் காசு கொடுத்தேன். ஷெரினுக்கு முப்பது, ஆல்வினுக்கு இருபது. காசைக் கையில் கொடுத்துப் பழக்கினால்தான் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும் என்று எதிலோ படித்தேன். எழுதியவளுக்குப் பிள்ளைகள் இருக்குமா என்று தெரியவில்லை. ஆல்வினுக்கு எட்டு வயது; அவன் பொறுப்பு தெருமுனை பானிபூரி வண்டி வரைதான் போகிறது.

ஷெரின் செலவே செய்வதில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு கிளிப்பு, ஒரு ஐஸ்கிரீம் என்று ஆசை இருக்க வேண்டாமா?

"காசெல்லாம் என்னடி பண்ற?"

"வச்சிருக்கேன்."

அந்தப் பதில் சொன்ன விதம் பிடிக்கவில்லை. தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். லேசாகத்தான்.

ஜனவரி 9, வியாழன்

தோசைக் கரண்டியின் காம்பு ஒடிந்துவிட்டது. இந்த முறை இரும்புக் காம்பு வைத்ததாக வாங்க வேண்டும்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் லீவில் வீடு ஒதுக்கலாம் என்று இறங்கி, ஒதுக்க முடியாமல் விட்டுவிட்டேன். கட்டிலுக்கு அடியில் புத்தகம், பரணில் புத்தகம், தையல் மெஷின் மேல் புத்தகம். அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஏழு பாகமாக ஒரு சரித்திர நாவல், அதில் நான்காம் பாகம் இல்லை. நான்காம் பாகம் கிடைக்கும் என்று இவர் பத்து வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

அமலதாஸ் என்ற என் கணவர், டைல்ஸ் கடையில் கேஷியர், சாது. இந்தத் தெருவில் பெண்டாட்டியை அடிக்காத மூன்று ஆண்களில் ஒருவர் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். கை ஓங்கத் தெரியாத மனிதர். ஆனால் வீட்டில் இடியே விழுந்தாலும் படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். நேற்று நான் பிள்ளைகளைக் கண்டித்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் வந்த கோபத்தில் இரண்டு அடி கூடுதலாகப் பிள்ளைகளுக்குப் போயிருக்கும்.

படிக்கிறவர்கள் இளகிய மனசுக்காரர்கள் என்கிறார்கள். யாரோ எழுதிய கதையில் யாரோ செத்ததற்கு இவர் கண் கலங்கி நான் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 22, புதன்

இன்று ஒருத்தி தாடை கழன்று வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கூடவே புருஷன், கையில் பழச்சாறு பாட்டிலோடு.

எங்கள் பிரிவில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு. காயத்தோடு வருகிற யாரானாலும், அடி எப்படிப் பட்டது, யாரால் பட்டது என்று அவர்கள் வாயால் சொல்வதை டாக்டர் அதில் எழுதுவார். அடிதடி என்று எழுதினால் ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட் போலீசுக்குத் தகவல் போகும். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டால் போகாது. அதனால் இந்த ஊரில் பெண்கள் எல்லாரும் பாத்ரூமில்தான் விழுகிறார்கள்.

புருஷனை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவளிடம் கேட்டேன். "சோப்புத் தண்ணியில வழுக்கிருச்சுக்கா" என்றாள், தாடையைப் பிடித்துக்கொண்டு குழறலாக. கழுத்தில் நான்கு விரல் தடம். "சோப்புக்கு வெரல் மொளச்சிருக்கா?" என்று கேட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பெண் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல இவ்வளவு பயமா? அவளையும் சேர்த்து ஒன்று போடலாம் போல ஆத்திரம் வந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போது அதைப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டினேன். ஆல்வின் சிரித்தான். ஷெரின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அதிசயம். ஹாலில் தரை தெரிகிறது. தையல் மெஷின் மேலே இருந்த அடுக்கும் இல்லை. நான் கத்திய கத்தலுக்கு ஒரு பலன். இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுவார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஷெரினின் பழைய ஷூ டப்பாவில் எண்ணூற்று அறுபது ரூபாய் இருந்தது. வாரம் முப்பது ரூபாய், கொடுக்க ஆரம்பித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அவ்வளவு சேராது. என் கைப்பையில் அவ்வப்போது குறைவது போலத் தோன்றியதன் காரணம் இப்போது தெரிந்தது. கேட்டால் வாயைத் திறக்கவில்லை. கண்டித்தேன். கையில் சின்ன வீக்கம், சுளுக்காக இருக்கும். கிரேப் பேண்டேஜ் இறுக்கிக் கட்டி, பாரசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்தேன்.

நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஒரு வசதி.

பிப்ரவரி 10, திங்கள்

பகல் டியூட்டி. அரிவாள் வெட்டு இரண்டு, பஸ்ஸில் நசுங்கிய கால் ஒன்று. வீட்டுக்கு வந்தால் ஷெரின் பள்ளிக்கூடம் போகவில்லை. விரல் மரத்துப்போகிறது, கட்டை அவிழ்த்துவிடு என்கிறாள். நாளைக்குக் கணக்குப் பரீட்சை. இந்தத் தந்திரம் எல்லாம் எனக்குத் தெரியாதா? கட்டு தளர்ந்திருந்தது போல் பட்டது. இன்னொரு சுற்று சுற்றினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் அவள் விரல்கள் நீலமாக இருந்தன. தொட்டால் ஜில்லென்று இருந்தது. நகத்தை அமுக்கி விட்டேன், சிவப்புத் திரும்பவில்லை. மறுபடி அமுக்கினேன். இந்தப் பரிசோதனையைத்தான் நர்சிங் படிக்க வரும் பெண்களுக்கு நான் முதல் நாளே சொல்லித் தருகிறேன். கட்டுப் போட்டால் நகத்தைப் பார், நகத்தைப் பார் என்று.

ஆட்டோவில் கட்டை அவிழ்த்தேன். முழங்கைக்குக் கீழே கல் மாதிரி இறுகியிருந்தது.

அவசரப் பிரிவில் எல்லாரும் ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் பிலோ சிஸ்டர் நான்; என் மகள் அல்லவா. புதிதாகச் சேர்ந்த டாக்டர் பதிவேட்டைத் திறந்து, "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஷெரின் சொன்னாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார். சோப்புத் தண்ணி."

அவர் எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

எக்ஸ்ரே எடுத்ததும் எலும்பு டாக்டர் பாஸ்கரன் வந்தார். வயதானவர், பேச்சு குறைவு. படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முன்கையில் சுண்டு விரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் ஒடிந்திருந்தது. கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டில் ஒடியும். தலையில் விழ வரும் அடியைக் கையைத் தூக்கித் தடுத்தால்தான் இப்படி ஒடியும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "ஒரு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே வீங்கிய சதைக்கு இடம் கொடுக்க, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோலைக் கீறித் திறந்து விட்டிருக்கிறார்கள். திறந்தபடியேதான் இருக்கும், சில நாள் கழித்துத்தான் தைப்பார்கள். விரல் பிழைக்குமா என்று அதுவரை சொல்ல முடியாது.

பிப்ரவரி 12, புதன்

ஆல்வினுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், மடியில் டிபன் பாக்ஸோடு. அவனாகவே சொன்னான்.

"அம்மா, அக்கா காசு திருடல."

"பெறகு?"

"அப்பாவோட புக்க எல்லாம் அக்காதான் பையில போட்டுக் கொண்டுபோய் பழைய பேப்பர் கடையில போட்டுச்சு. தினம் ஒரு பை. நானும் ஒருநா தூக்குனேன்."

"எதுக்குடா?"

"வீடு காலியாயிட்டா அம்மா கத்தமாட்டாங்க, அடிக்கமாட்டாங்கன்னு அக்கா சொல்லுச்சு. அப்பாட்ட சொன்னா அழுவாங்கன்னு சொல்லாதேன்னுச்சு."

இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்தார். பிறகு வார்டுக்குள் போய், அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே, "எந்தெந்தப் புக்குன்னு ஞாபகம் இருக்கா பாப்பா?" என்று கேட்டார்.

இத்தனை வாரமாகப் புத்தகம் குறைந்தது அந்த மனிதருக்குத் தெரியவே இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை இந்த டைரியில் எழுதியது பொய். நடந்தது இது.

டப்பாவை அவள் முன்னால் கவிழ்த்தேன். காசு ஏது என்று கேட்டேன். பேசவில்லை. கன்னத்தில் அறைந்தேன். பேசவில்லை. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அப்போதும் பேசாமல், அழாமல், என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது எந்தக் கையிலிருந்து வரும் என்று பார்த்திருக்கிறாள். அந்தப் பார்வைதான் என்னை வெறியாக்கியது. சப்பாத்திக் கட்டையை எடுத்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. முதுகில், தொடையில், குறுகி உட்கார்ந்தவளின் முட்டியில். கடைசி அடியைத் தலைக்குத்தான் ஓங்கினேன். அவள் கையைத் தூக்கினாள். ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பதினாறு வருடமாக எலும்பு ஒடிந்தவர்களோடு இருக்கிறேன், அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சுளுக்கு என்றேன். தெரிந்துதான் கிரேப் கட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பதிவேட்டைத் திறப்பார்கள்.

அந்தக் கை இல்லாவிட்டால் மண்டை பிளந்திருக்கும். என் மகள் என் கையால் செத்திருப்பாள்.

எங்கள் அப்பா பெல்ட்டால் அடிப்பார். அடி வாங்கி வளர்ந்ததால்தான் நான் உருப்பட்டு நர்ஸ் ஆனேன் என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 15, சனி

கட்டு மாற்றும் நேரம். நான் ட்ரேயை எடுத்ததும் ஷெரின், "விமலா சிஸ்டர் மாத்தட்டும்" என்றாள். விமலா சின்னப் பெண், வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவளுக்குப் பஞ்சை எடுக்கும்போதே கை நடுங்கும்.

வெளியே நின்றேன். வலியில் ஷெரின் கத்தியது கேட்டது. நான் மாற்றியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

பிப்ரவரி 18, செவ்வாய்

டாக்டர் பாஸ்கரன் ரவுண்ட்ஸ் வந்தபோது சொல்லிவிட்டேன். நர்சுகள், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். "சார், பதிவேட்டுல உள்ளது தப்பு. எம்பொண்ணு விழல. நாந்தான் சப்பாத்திக் கட்டையால அடிச்சேன்."

 ஷெரினின் முகம் வெளுத்துப்போனது. அவள் என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். பிறகு வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இல்ல சார். அம்மா சும்மா சொல்றாங்க. நாந்தான் விழுந்தேன். சோப்பு கீழ கிடந்துச்சு, நான் பாக்கல, எடது கால் வழுக்கி... சத்தியமா சார். அம்மா என்னை அடிக்கவே மாட்டாங்க."

வாயைத் திறக்க வைக்க நான் போடும் புதுத் திட்டம் என்று நினைத்திருக்கிறாள். இப்போது ஆமாம் என்று சொன்னால் வீட்டுக்குப் போனதும் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதம் முன்னால் தாடை கழன்றவளிடம் நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்து என்னைக் கொன்றது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "புள்ளையே விழுந்தேன்னு சொல்லுது. எழுதுனதை மாத்துனா விசாரணை, சஸ்பென்ஷன்னு வரும். புள்ளைய அடிக்காத வீடு எது? போங்க சிஸ்டர், போய் அவளப் பாத்துக்கோங்க."

அவுட்போஸ்ட் ஏட்டிடம் நேராகப் போனேன். "பெத்தவங்களுக்கு அடிக்க உரிமை இல்லாம யாருக்குக்கா இருக்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஓங்கிய கையைப் பிடிக்க ஆள் இல்லாததுபோல, ஒப்புக்கொண்டால் கேட்கவும் ஆள் இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

தையல் போட்டாயிற்று. மூன்று விரல் நன்றாக அசைகிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியபடியே நிற்கின்றன, நிமிரவில்லை. பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் நிமிரலாம் என்கிறார்கள். வலது கை.

பிப்ரவரி 28, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஹால் விசாலமாகக் கிடக்கிறது. பேசினால் எதிரொலிக்கிறது. மீதமிருந்த புத்தகங்களை இவர் ஒரு மூலையில் அடுக்கியிருக்கிறார். ஒன்றையும் பிரிக்கக் காணோம்.

நான் தண்ணீர் எடுக்கக் கையை நீட்டினால் ஆல்வின் நகர்ந்துகொள்கிறான். இது முன்பும் இப்படித்தான் இருந்ததா?

மார்ச் 2, ஞாயிறு

வாரக் காசு கொடுத்தேன். ஷெரின் இடது கையால் வாங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்தேன், கொஞ்சம் தள்ளியே. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அம்மா செய்தது தப்பு, உன் மேல் ஒரு தப்பும் இல்லை, இனி அடிக்கமாட்டேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

"உனக்கு என்ன வேணும், சொல்லு ஷெரின். எதுன்னாலும் செய்றேன்."

 நான் போன் கேட்பாள், சைக்கிள் கேட்பாள் என்றெல்லாம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

"கேட்டா அடிக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"நீ நைட் டியூட்டி வாங்கிக்கிறியாம்மா? எப்பயுமே. நாங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் நீ வந்து தூங்கிக்கலாம். நாங்க வந்து கொஞ்ச நேரத்துல நீ கெளம்பிரலாம். லீவு அன்னைக்கு மட்டும் அப்பாவ வீட்ல இருக்கச் சொல்லு."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். மரியாதையாக, ஒரு வார்த்தை கூடுதல் இல்லாமல் சொன்னாள். நான் சரி என்றேன். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

மார்ச் 4, செவ்வாய்

நர்சிங் சூப்பிரண்டெண்ட் மேடத்திடம் கடிதம் கொடுத்தேன். நைட் டியூட்டி வேண்டாம் என்று கேட்டுத்தான் எல்லாரும் அவர் அறை வாசலில் நிற்பார்கள். கேட்டு வாங்க வந்தவள் நான் ஒருத்தி. கடிதத்தைப் பிரிக்காமலே சொன்னார்.

"பகல்ல வீட்ல இருந்து புள்ளையப் பாத்துக்கணும்னா? ஒடம்பு கெட்டுரும் பிலோமினா. ஆனா ஒன்னு, உங்கள மாதிரி ஒரு அம்மா கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

"படிச்சுப் பாருங்க மேடம்."

படித்தார். காரணம் என்ற இடத்தில் நான் மூன்றே வரி எழுதியிருந்தேன். என் மகளை அடித்துக் கையை ஒடித்தவள் நான். பதிவேட்டில் உள்ளது தவறு. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் நான் இருக்கக்கூடாது என்று அவள் கேட்கிறாள்.

மேடத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "இதை நான் கையில வாங்கிட்டா மேல அனுப்பியாகணும். குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். வேற காரணம் எழுதிக் குடுங்க, டியூட்டிய இப்பவே மாத்தித் தர்றேன்."

"வேற காரணம் இல்ல மேடம்."

 கடைசியில் தேதி போட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். விசாரணை வருகிற வரை இரவு டியூட்டி. விசாரணை என்ன சொல்லும் என்று தெரியாது. 

மார்ச் 5, புதன்

முதல் இரவு டியூட்டி. மாலை ஆறரைக்குக் கிளம்பினேன். சோறும் ரசமும் வைத்துவிட்டேன். இவர் கடையிலிருந்து சீக்கிரம் வந்து, ஆல்வினுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மடியில் புத்தகம் இல்லை.

செருப்பு மாட்டும்போது ஷெரின் வாசல் வரை வந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. "வரட்டுமா?" என்றேன். "ம்" என்றாள்.

நான் வெளிப்படி இறங்கியதும் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள் விழுந்தது. கீழ்த் தாழ்ப்பாள் விழுவதற்கு நேரம் பிடித்தது. அது துருப்பிடித்தது, இடது கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஒருமுறை நழுவி, இன்னொருமுறை நழுவி, மூன்றாவது முறை விழுந்தது. அது விழுகிற வரைக்கும் தெருவில் நின்றிருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.